வெளிநாட்டு கிளப்பில் ஆடப் போகிறவளுக்கு

"அக்கா, வெளிநாட்டுல ஆடணும்னா எந்த கிளப்புக்கு மெயில் போடணும்?" கடலூரில் என்னிடம் கால்பந்துப் பயிற்சிக்கு வரும் பெண்களில் கொஞ்சம் நன்றாக ஆடுகிற எல்லோரும் ஒரு நாள் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கேள்வி தப்பில்லை. ஆனால் மூன்றாவதாக வர வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, அங்கே போனால் எனக்கு ஆட்டம் கிடைக்குமா என்பது. அடுத்தது, என் காகிதங்கள் எல்லாம் ஒரே பெயரில் இருக்கின்றனவா என்பது. சிரிக்காதே. கால் நன்றாக இருந்தும் காகிதத்தால் ஒரு சீசனையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

நான் லெஃப்ட் பேக், இடது ஓரத்தில் நின்று எதிரணியைத் தடுப்பவள். மாநில அணி, பிறகு இந்திய மகளிர் லீக், அப்புறம் ஸ்வீடனில் ஒரு சின்ன ஊர் கிளப். அங்கே முதல் நிலை லீக்குக்கு டாம்ஆல்ஸ்வென்ஸ்கான் என்று பெயர். நாங்கள் அதற்குக் கீழே ஆடினோம். பெரிய பெயர் ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் வாரா வாரம் ஆடினேன், சம்பளம் வாங்கினேன், முழங்கால் முழுசாக ஊர் திரும்பினேன். இப்போது சின்னப் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பதோடு, வெளியே போகிறவர்களின் ஒப்பந்தத்தையும் உட்கார்ந்து படித்துத் தருகிறேன். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதனால் நீ, வா, போ என்றுதான் வரும். பெற்றோர் யாராவது படித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வாசல் வழியாகப் போவது

நம் நாட்டுப் பெண்கள் வெளியே போன கதைகளைப் பார்த்தால் மூன்று வாசல் தெரிகிறது.

முதல் வாசல் படிப்பு. கோல்கீப்பர் அதிதி சௌஹான் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டு மேலாண்மை படிக்கப் போனார். போன இடத்தில் ஆடி, 2015-இல் வெஸ்ட் ஹாம் மகளிர் அணியில் சேர்ந்தார். பந்து கைகொடுக்காவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும் என்பதால் வீட்டில் சம்மதம் வாங்க இதுதான் சுலபமான வழி. ஒரு சிக்கல் உண்டு. பிரிட்டனின் மாணவர் விசாவில் தொழில்முறை வீராங்கனையாகச் சம்பளத்துக்கு ஆட அனுமதி இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பெண்கள் கால்பந்துக்கு உதவித்தொகை கொடுக்கின்றன. ஆனால் நீ இங்கே ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் வாங்கியிருந்தால் அதை முதல் மெயிலிலேயே சொல்லிவிடு. கல்லூரி லீக்கில் ஆடும் தகுதியை அவர்கள் தோண்டித் துருவிப் பார்ப்பார்கள்.

இரண்டாவது வாசல் ட்ரையல், அதாவது கிளப் உன்னைச் சில நாள் ஆடவைத்துப் பார்க்கும் தேர்வு. பாலா தேவி 2019 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போய் ரேஞ்சர்ஸ் அணியில் ட்ரையல் ஆடினார். 2020 ஜனவரியில் 18 மாத ஒப்பந்தமும் 10-ஆம் எண் ஜெர்சியும் கிடைத்தன. ஐரோப்பாவில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அப்போது அவருக்கு முப்பது வயது நெருங்கிவிட்டது. இந்திய அணிக்காகப் பல வருடம் கோல் அடித்த பிறகுதான் அந்த அழைப்பு வந்தது. போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கொரோனா ஊரடங்கு. முதல் லீக் கோல் வர டிசம்பர் ஆகிவிட்டது, மதர்வெல் அணியை 9-0 என்று வென்ற ஆட்டத்தில். இருபத்திரண்டு வயதிலேயே "எனக்கு லேட் ஆயிடுச்சுக்கா" என்று அழுகிற பெண்களுக்கு நான் சொல்லும் கதை இது.

மூன்றாவது வாசல் எனக்குப் பிடித்தது: ஆடுகிற இடத்திலேயே கண்ணில் படுவது. பஞ்சாபின் ஹோஷியார்பூரைச் சேர்ந்த மனிஷா கல்யாண் 2021 நவம்பரில் மனாஸ் நகரில் பிரேசிலுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். இந்தியா 6-1 என்று தோற்ற ஆட்டம்தான், ஆனால் அந்த ஒரு கோலை உலகமே பார்த்தது. கோகுலம் கேரளா அணியில் லீக் பட்டம் வென்று, 2022-இல் சைப்ரஸின் அப்போலோன் லேடீஸுக்குப் போனார். அந்த ஆகஸ்ட் 18 அன்று லாட்வியாவின் ரீகா அணிக்கு எதிராக மாற்று வீராங்கனையாக இறங்கினார். ஐரோப்பிய கிளப்புகளுக்கான மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் இந்தியர் ஒருவர் ஆடியது அதுதான் முதல் முறை. பிறகு கிரேக்கத்தின் பாவோக், அதன் பிறகு பெருவின் அலியான்சா லிமா.

சைப்ரஸா, அது எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் புரியாத கணக்கு ஒன்று இதில் உண்டு. சின்ன நாட்டின் பெரிய கிளப் ஐரோப்பியப் போட்டிகளின் தகுதிச் சுற்றில் ஆடும். பெரிய நாட்டின் பெரிய கிளப்பிலோ நீ பெஞ்சில்கூட இடம் பிடிக்க மாட்டாய். டாங்மேய் கிரேஸ் உஸ்பெகிஸ்தானின் நசாஃப் அணிக்குப் போனார். ஜோதி சௌஹானும் சௌமியா குகுலோத்தும் குரோஷியாவின் டினமோ சாக்ரெப்புக்குப் போனார்கள். இங்கிலாந்து, ஸ்பெயின் என்ற இரண்டு பெயரைத் தவிர வேறு எதுவும் காதில் விழாத பெண்களிடம் உலக வரைபடத்தை எடுத்து நீட்டுகிறேன். ஜெர்சியின் பெயரைப் பார்க்காதே, உன் இடத்தில் இப்போது யார் ஆடுகிறாள் என்று பார். அந்த கிளப்பில் இருபத்தோரு வயதில் தேசிய அணிக்கு ஆடும் லெஃப்ட் பேக் ஒருத்தி இருந்தால், அங்கே எனக்கு என்ன வேலை?

வயதும் வேலையும்

பதினெட்டு வயது ஆகாத வீராங்கனையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாற்றிப் பதிவு செய்ய உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி அனுமதிப்பதில்லை. விதிவிலக்குகள் சில இருக்கின்றன. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்கே குடிபோனால் முடியும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலிருந்து முடியும். கடலூரில் இருந்து போகிற பதினாறு வயதுப் பெண்ணுக்கு இது எதுவும் பொருந்தாது. "ஸ்பெயின் அகாடமியில் சேர்த்துவிடுகிறேன்" என்று யாராவது வந்தால், அவர் விற்பது காசு கட்டிச் சேரும் பயிற்சி முகாம். ஊர் சுற்றிப் பார்க்க ஆசை என்றால் போகலாம், கிளப் பதிவு என்று நம்பிப் போகாதே.

அடுத்தது வேலை. நம் ஊரில் கால்பந்து ஆடும் பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை பெரும்பாலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அரசு வேலையை நம்பித்தான். தமிழ்நாட்டில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எங்கள் கடலூரின் இந்துமதி கதிரேசன் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்துகொண்டே இந்தியாவுக்கு ஆடியவர். பாலா தேவியும் மணிப்பூர் காவல்துறையைச் சேர்ந்தவர். வேலையும் வெளிநாட்டு ஆட்டமும் சேர்ந்து வர முடியும், ஆனால் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்: பாஸ்போர்ட்டுக்குத் துறையின் தடையின்மைச் சான்று, விடுப்பு ஆணை, வெளிநாட்டில் சம்பளம் பெற அனுமதி. "சார் வாயால சொல்லிட்டாரு" என்றால் சார் மாறியதும் பேச்சும் மாறும். ராஜினாமா கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் வராதே. எட்டு மாத ஒப்பந்தத்துக்காக முப்பது வருட வேலையை விடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

வீடியோ

உன்னை யாரும் நேரில் வந்து பார்க்கப் போவதில்லை. வீடியோதான் பார்ப்பார்கள், அதுவும் போனில், இன்னும் நாற்பது வீடியோக்களுக்கு நடுவே. நான்கு, ஐந்து நிமிடம் போதும். பாட்டு வேண்டாம், பெயர் பறந்து வருகிற டிசைன் வேண்டாம். ஒவ்வொரு கிளிப்பிலும் பந்து வருவதற்கு முன்பே ஒரு நொடி நிறுத்தி உன்னைச் சுற்றி வட்டம் போடு. எந்த ஆட்டம், யாரோடு, எத்தனையாவது நிமிடம் என்று கீழே சின்னதாக எழுது.

என்ன கிளிப் போடுவது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். டிஃபென்டராக ஆடும் பெண் தன் இரண்டு கோலை முதலில் போடுகிறாள். லெஃப்ட் பேக் வேண்டும் என்று தேடும் கோச்சுக்கு உன் கோலால் என்ன பயன்? விங்கர் ஒருத்தி, அதாவது ஓரமாக ஏறித் தாக்குகிறவள், உன்னை நோக்கி ஓடி வரும்போது நீ எந்தக் கால் பக்கமாக அவளைத் தள்ளுகிறாய், பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது எவ்வளவு உள்ளே வந்து நிற்கிறாய், முன்னேறிப் போன பிறகு பந்து பறிபோனால் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறாய், இதைத்தான் அவர் பார்ப்பார். பந்தே தொடாத கிளிப் குறைந்தது இரண்டு இருக்கட்டும். அதோடு முழு ஆட்டம் இரண்டின் இணைப்பைக் கொடு. ஹைலைட்ஸில் எல்லோரும் நன்றாகத்தான் ஆடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வென்ற ஆட்டம் ஒன்று, உங்கள் அணி அடி வாங்கிய ஆட்டம் ஒன்று.

இந்திய மகளிர் லீக் ஆட்டங்கள் இணையத்தில் ஒளிபரப்பாவதால் அவற்றிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். மாவட்ட, கல்லூரி ஆட்டம் என்றால் யாரையாவது மாடியிலோ காலரியின் மேல்படியிலோ நின்று எடுக்கச் சொல். கோட்டோரம் தரையில் நின்று எடுத்தால் கால்கள்தான் தெரியும், ஆட்டம் தெரியாது.

மெயில் பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. பிறந்த தேதி, உயரம், எந்தக் கால், எந்த இடம், கடைசி இரண்டு சீசனில் எங்கே எத்தனை ஆட்டம், தேசிய அணி அனுபவம், ஒப்பந்தம் எப்போது முடிகிறது, பாஸ்போர்ட் எந்த நாடு, வீடியோ இணைப்பு. அனுப்பும் காலமும் முக்கியம். ஸ்வீடன், நார்வே, ஐஸ்லாந்து போன்ற வட நாடுகளில் சீசன் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிகிறது. டிசம்பர் தொடங்கியே அணி சேர்க்கிறார்கள். மற்ற ஐரோப்பிய நாடுகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் சீசன் தொடங்குவதால் மே, ஜூனில் தேடுகிறார்கள். நம் லீக் முடிகிற நேரத்தோடு இதைப் பொருத்திப் பார். ஏப்ரலில் ஸ்வீடனுக்கு மெயில் போட்டால் பதில் வராது, உன் ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏஜெண்டும் ஏமாற்றும்

வீராங்கனைக்காகப் பேரம் பேசுகிறவருக்கு ஃபிஃபா லைசன்ஸ் வேண்டும். தேர்வு எழுதி வாங்குவது அது. பெயர் ஃபிஃபாவின் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கும்படி இருக்கிறது. முதலில் அங்கே தேடு. பெயர் இல்லையென்றால் பேச்சை அதோடு முடி. இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல் கையெழுத்துப் போடாதே, விதியும் அதற்கு மேல் அனுமதிப்பதில்லை. ஏஜெண்டுக்குக் காசு உன் சம்பளத்திலிருந்து ஒரு பங்காக, சம்பளம் வந்த பிறகு போக வேண்டும். முன்பணம், பதிவுக் கட்டணம், ட்ரையல் கட்டணம், "ஃபைல் சார்ஜ்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதே.

ஒரு பெண்ணின் அப்பா ஒரு கடிதத்தோடு வந்தார். ஐரோப்பிய கிளப் ஒன்றின் சின்னம், கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தது. "பாருங்கம்மா, இன்விடேஷனே வந்துடுச்சு. மூணு லட்சம் கட்டணும்னு சொல்றாங்க." அனுப்பிய மெயில் முகவரி ஜிமெயில். கடிதத்தில் தேதி இருந்தது, ஆனால் அந்தத் தேதியில் அந்த நாட்டு லீக்குக்கே விடுமுறை. கிளப்பின் இணையதளத்தில் இருந்த எண்ணுக்கு அவர் முன்னாலேயே போன் போட்டேன். எடுத்தவருக்கு அப்படி ஒரு ட்ரையலே தெரியவில்லை. அந்த அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்ல சொல்லிட்டேனே" என்றார். காசு கட்டுவதற்கு முன் வந்தாரே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உண்மையான அழைப்புக் கடிதத்தில் ட்ரையல் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எங்கே தங்குவது, சாப்பாடும் காப்பீடும் யார் பொறுப்பு, தொடர்பு கொள்ள யார் என்பதெல்லாம் இருக்கும். டிக்கெட் செலவு பெரும்பாலும் உன்னுடையதாகத்தான் இருக்கும், அதில் ஆச்சரியமில்லை. தங்க இடம் கிளப் தர வேண்டும்.

ட்ரையல்

ட்ரையலுக்கு முதல் நாள் போய் இறங்காதே. இரண்டு நாளாவது முன்னால் போ. செயற்கைப் புல் தரைக்கான அடிப்பாகம் உள்ள ஷூ ஒன்று, இயற்கைப் புல்லுக்கு ஒன்று. இரண்டும் ஏற்கெனவே போட்டுப் பழகியதாக இருக்கட்டும். புது ஷூவில் கொப்புளம் வந்து இரண்டாம் நாளே நொண்டியவளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதல் அரை மணி நேரம் பெரும்பாலும் ரோண்டோதான். ஆறேழு பேர் வட்டமாக நின்று பந்தைச் சுற்றவிட, நடுவில் இரண்டு பேர் பிடிக்க ஓடுவார்கள். நம் ஊரில் இதை வார்ம்-அப் விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே ஆடுவோம். அங்கே கோச் உன்னைப் பற்றிப் பாதி முடிவை இதிலேயே எடுத்துவிடுவார். பந்து வருவதற்கு முன் நீ தோளுக்குப் பின்னால் பார்க்கிறாயா, முதல் தொடுதல் உன்னை எந்தப் பக்கம் திறக்கிறது, பந்து பறிபோனதும் அடுத்த சில நொடி என்ன செய்கிறாய் என்று பார்ப்பார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் கதை முடிந்தது.

அப்புறம், பேச வேண்டும். நம் பெண்கள் கிரவுண்டில் பேச மாட்டார்கள். சீனியர் அக்காவைப் பார்த்து "ஏறி வா", "விடு" என்று கத்துவது மரியாதைக் குறைவு என்று சின்ன வயதிலிருந்தே ஊறிப்போயிருக்கிறது. அங்கே அமைதியாக ஆடும் டிஃபென்டரை யாரும் எடுப்பதில்லை. மேன் ஆன், டைம், டர்ன், அவே, ஸ்டெப் என்று பத்து ஆங்கிலச் சொல் போதும், ஆனால் கடைசி வரிசை வரை கேட்கும்படி வர வேண்டும். என் பெண்களை நான் வெறும் கிரவுண்டில், பந்தே இல்லாமல், அதைக் கத்தவைக்கிறேன். பக்கத்தில் வாக்கிங் போகிற பெரியவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பெயர், சான்று, விசா

நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் "கே. பிரியா", பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "பிரியா கே", பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியது, கால்பந்து சம்மேளனத்தின் பதிவில் வெறும் "பிரியா". உனக்கு இது எல்லாம் ஒரே ஆள். வெளிநாட்டுச் சம்மேளனத்தின் கணினிக்கு நான்கு ஆள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டாலும் விசா படிவங்களில் தொல்லைதான். அதனால் அப்பா பெயரையோ அம்மா பெயரையோ முழுதாகக் குடும்பப் பெயராகப் போட்டு, மற்ற எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ப மாற்று. சம்மேளனத்தின் பதிவுக் கணக்கிலும் மாற்று, எல்லோரும் மறப்பது அதைத்தான். என் விஷயத்தில் இதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஜெர்சியின் முதுகில் குடும்பப் பெயர்தானே வரும்? வாழ்நாளில் பந்தை உதைக்காத எங்கள் அப்பாவின் பெயரை ஸ்வீடனில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள், அதுவும் தப்புத் தப்பாக. அந்த வீடியோவை அவர் இன்னும் வைத்திருக்கிறார்.

பிறப்புச் சான்றும் படிப்புச் சான்றும் வெளிநாட்டில் செல்ல அப்போஸ்டில் முத்திரை கேட்பார்கள். மாநில அளவில் சரிபார்த்த பிறகு வெளியுறவுத் துறை கொடுப்பது. காவல்துறை நன்னடத்தைச் சான்றை பாஸ்போர்ட் சேவா மூலம் வாங்கலாம். இரண்டையும் ஒப்பந்தம் வந்த பிறகு ஆரம்பித்தால், கிளப்புகள் புது ஆளைப் பதிவு செய்ய அனுமதியுள்ள பதிவுக் காலம் முடிந்துபோகும்.

அடுத்தது சர்வதேச இடமாற்றச் சான்று. நீ விண்ணப்பிக்கும் காகிதம் இல்லை இது. புது கிளப்பின் நாட்டுச் சம்மேளனம் ஃபிஃபாவின் கணினி அமைப்பு வழியாக நம் சம்மேளனத்திடம் கேட்கும், நம்மவர்கள் அனுப்ப வேண்டும். அங்கே தடங்கல் வருவது பெரும்பாலும் உன் பழைய கிளப்போடு ஒப்பந்தம் முடிந்ததா இல்லையா என்பதில். சீசன் முடிந்த அன்றே விடுவிப்புக் கடிதம் கேட்டு வாங்கு. பிறகு கேட்டால் மேனேஜர் ஊரில் இருக்க மாட்டார். உன் கையில் எதுவுமே இல்லாத சமயங்களும் உண்டு. 2022 ஆகஸ்டில் ஃபிஃபா நம் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தபோது, ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் வரை போய்விட்ட கோகுலம் கேரளாவின் பெண்கள் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்ப வேண்டியிருந்தது.

விசாவில் ஒன்றை மட்டும் மனதில் வை. ட்ரையலுக்கான குறுகிய கால விசா வேறு, ஆடுவதற்கான வேலை அனுமதி வேறு. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். குரோஷியா 2023 ஜனவரி முதல் ஷெங்கனில் இருக்கிறது. சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் தனி விசா கொடுத்து வந்த நாடு. அதனால் கிளப் இருக்கும் நாட்டின் தூதரகப் பக்கத்தை நீயே படி. ட்ரையலில் தேறினாலும் பெரும்பாலும் ஊர் திரும்பி, இங்கிருந்துதான் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆக, இரண்டு முறை டிக்கெட்டுக்குக் காசு எடுத்து வை.

ஒப்பந்தம்

சம்பளத் தொகையைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும். அதை மூடி வைத்துவிட்டு மற்றதைப் படி.

வரிக்கு முன்பா, பின்பா? வருடத்துக்கு எத்தனை மாதம் சம்பளம், பத்தா பன்னிரண்டா? வீடு என்றால் தனி அறையா? குளிர் நாட்டில் வெப்பமூட்டும் செலவு யாருடையது? எனக்கு ஒரு கிளப் "வீடு உண்டு" என்று எழுதிக் கொடுத்தது. போய்ப் பார்த்தால் நான்கு பேருக்கு ஒரே குளியலறை, என் படுக்கை வரவேற்பறையில். ஒப்பந்தத்தில் "தனி அறை" என்ற இரண்டு சொல் இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். போக வர டிக்கெட் யார் எடுப்பது? இரண்டு மொழியில் இருந்தால் எது செல்லும்? பகுதி நேர வேலையும் தருகிறோம் என்றால், உன் அனுமதி அதற்கு இடம் கொடுக்கிறதா?

ஃபிஃபா விதிகள் உன் பக்கம் இருக்கும் இடங்களையும் தெரிந்துகொள். "மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் செல்லும்", "வேலை அனுமதி கிடைத்தால்தான் செல்லும்" என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை வைக்கக் கூடாது. பரிசோதனை எல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும். ஒப்பந்தம் குறைந்தது அந்த சீசன் முடியும் வரை, அதிகபட்சம் ஐந்து வருடம். இரண்டு மாதச் சம்பளம் தராமல் இழுத்தடித்தால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு நியாயமான காரணத்தோடு விலகலாம். அதனால் சம்பளம் தாமதமான முதல் மாதத்திலிருந்தே எல்லாப் பேச்சும் மெயிலில் இருக்கட்டும். "அடுத்த வாரம் கண்டிப்பா" என்று டிரெஸ்ஸிங் ரூமில் சொல்வதை யாரும் சாட்சியாக எடுக்க மாட்டார்கள். தகராறு முற்றினால் அந்த நாட்டின் வீரர் சங்கத்தை அணுகு. பல நாட்டுச் சங்கங்கள் ஃபிஃப்ப்ரோ என்ற உலக அமைப்பில் இருக்கின்றன.

கர்ப்பமானால் 14 வாரம் விடுப்பு, அதில் பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது 8 வாரம், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இந்த விதி 2021 முதல் இருக்கிறது. மாதவிடாய் தொடர்பான உடல்நலக் காரணத்துக்காக மருத்துவர் சான்றோடு சம்பளத்துடன் விலகியிருக்கவும் 2024-இல் விதி வந்தது. இதைப் படித்துக் காட்டும்போது பெண்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குனியாதே, இது உன் சம்பள விஷயம்.

எல்லாவற்றையும்விட நான் நீண்ட நேரம் பார்ப்பது காயம் பற்றிய வரிகளை. அறுவை சிகிச்சை எந்த நாட்டில்? செலவுக்கு உச்சவரம்பு எவ்வளவு? ஒப்பந்தம் ஜூனில் முடிந்து, முழங்கால் குணமாக டிசம்பர் ஆனால் நடுவில் பிசியோவுக்கு யார் காசு கொடுப்பது? பாலா தேவியின் ஸ்காட்லாந்து நாட்களையும் முழங்கால் தசைநார்க் காயம்தான் சுருக்கியது. அவர் குணமாகி மறுபடி இந்தியாவுக்கு ஆடினார் என்பது அவருடைய பிடிவாதம். இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது. காயத்தைத் தடுப்பதற்கான ஃபிஃபாவின் 11+ வார்ம்-அப் இருபது நிமிடம்தான். வாரம் இரண்டு முறையாவது, ஊரிலேயே, இப்போதிலிருந்தே செய்.

போய்ச் சேர்ந்த பிறகு

ஸ்வீடனில் எல்லாமே ஓர் அடையாள எண்ணில் ஓடுகிறது. ஒரு வருடமாவது தங்கப் போகிறவருக்குத்தான் அந்த எண் கிடைக்கும். சீசன் ஒப்பந்தமோ எட்டு, ஒன்பது மாதம். எண் இல்லாமல் வங்கிக் கணக்கு திறக்க நான் அலைந்த அலைச்சல் பயிற்சியைவிடக் கஷ்டம். இது போன்ற ஊர் வழக்கங்களை அங்கே ஏற்கெனவே ஆடும் வெளிநாட்டுப் பெண் ஒருத்தியிடம் கேட்டுவிட்டுப் போ. கிளப் செயலாளருக்கு இது தெரிந்திருக்காது, அவருக்குப் பிறந்தபோதே எண் கிடைத்துவிட்டது.

பிப்ரவரியில் பனியை வண்டி வைத்துத் தள்ளிவிட்டு செயற்கைப் புல்லில் பயிற்சி நடக்கும். கருப்பு ரப்பர்த் துகள் ஷூவுக்குள்ளும் சாக்ஸுக்குள்ளும் புகுந்து, கடைசியில் ரசம் வைக்கிற பாத்திரம் வரை வந்துவிடும். உறைந்த தரையில் சறுக்கி டேக்கிள் போட்டால் தொடைத் தோல் உரியும். உள்ளே நீண்ட டைட்ஸ் போடு. வெயில் இல்லாத மாதங்களில் நம் நிறத்துக்கு வைட்டமின் டி சீக்கிரம் குறையும். போகும் முன்பே இரும்புச் சத்தும் வைட்டமின் டியும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடு. அரிசி எங்கும் கிடைக்கும். புளியும் மிளகாய்த்தூளும் எடுத்துப் போனால் போதும். ஆட்டத்துக்கு முந்தின இரவு சோறும் ரசமும் சாப்பிட்டே நான் தொண்ணூறு நிமிடம் ஓடினேன்.

ஆட்டம் கிடைக்காத வாரங்கள் வரும். இரண்டு மூன்று ஆட்டம் வெளியே உட்கார்ந்த உடனே அம்மாவிடம் அழுவதற்கு முன், கோச்சிடம் நேரம் கேட்டு, "நான் ஆட எதை மாற்ற வேண்டும்?" என்று கேள். அங்கே இதைத் திமிர் என்று யாரும் நினைப்பதில்லை. கேட்காமல் இருந்தால்தான் அக்கறை இல்லை என்று நினைக்கிறார்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த பதிவுக் காலத்தில் மாறப் பார். ஆனால் ஒரே சீசனில் மூன்று கிளப்பில் பதிவு செய்யலாம், இரண்டு கிளப்புக்குத்தான் ஆடலாம் என்பது பொதுவான விதி. ஜனவரி வரை இங்கே ஒரு கிளப்புக்கு ஆடிவிட்டுப் போயிருந்தால் உனக்கு மிச்சம் இருக்கும் வாய்ப்பு ஒன்றுதான், எண்ணிக்கொள்.

திரும்பும்போது

இந்தியாவில் மறுபடி ஆட, அதே இடமாற்றச் சான்று எதிர்த்திசையில் வர வேண்டும். இங்கே சேரப் போகும் கிளப்பிடம் அதை முன்கூட்டியே கேட்க வை. கடைசிச் சம்பளச் சீட்டு, அந்த நாட்டில் வரி கட்டியதற்கான சான்று இரண்டும் இங்கே வருமான வரிக் கணக்குக்கு வேண்டும்; விமானம் ஏறிய பிறகு மெயிலில் கேட்டு வாங்குவது பெரும்பாடு. எம்.ஆர்.ஐ. படங்களையும் பிசியோவின் குறிப்புகளையும் கோப்பாக வாங்கிக்கொள். கோச்சிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கு. கிளப்பின் வீடியோ கணக்கில் உன் ஆட்டங்கள் எல்லாம் இருக்கும், ஒப்பந்தம் முடிந்ததும் உன் பாஸ்வேர்டை மூடிவிடுவார்கள். கடைசி வாரத்திலேயே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் இறக்கிவிடு. அடுத்த கிளப்புக்கு அனுப்ப வேண்டிய ஐந்து நிமிடம் அதற்குள்தான் இருக்கிறது.